உயிரணு தொடும் பரப்பு: பலபடிப் பூச்சு, புரதப் படிவு, ஒட்டுதல் (1960–2004)

முன்னுரை

சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்தை ஒரு நெகிழித் தட்டில் ஊற்றினால், உயிரணுக்கள் அடியில் இறங்குமுன்பே புரதங்கள் தட்டின்மீது படிந்துவிடும். உயிரணுவின் ஏற்பிகள் பற்றிக்கொள்வது அந்தப் புரத அடுக்கைத்தான். எனவே ஒரு பூச்சு எந்தப் புரதத்தை, எந்த நிலையில் பிடித்துவைக்கிறது என்பதைப் பொறுத்தே உயிரணு ஒட்டும் அல்லது விலகும். இதில் பூச்சின் வேதியியலுக்கு இணையான பங்கு அதன் தடிமனுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் உண்டு என்பது படிப்படியாகத் தெளிவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீரேற்கும் பலபடியும் இடம்மாறும் புரதமும்

செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர்களான ஓட்டோ விக்டர்லேயும் திராஹோஸ்லாவ் லிம்மும் 1960இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீரை உறிஞ்சி மென்மையாகும் பலபடிக் கூழ்மங்களை மருத்துவத்தில் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. மென்மையான கான்டாக்ட் லென்ஸுக்கு அடிப்படையான பாலிஹீமா இவ்வழியில் வந்ததே.

1962இல் அதே இதழில் லியோ வ்ரோமன், பரப்பில் படியும் புரதங்கள் அப்பரப்பின் நனையும் தன்மையை மாற்றிவிடுவதைக் காட்டினார். குருதியில் மிகுந்துள்ள சிறு புரதங்கள் முதலில் வந்து படியும். பரப்போடு வலுவாகப் பிணையும் பிற புரதங்கள் பின்னர் அவற்றைப் பெயர்த்துவிட்டு அமரும். கண்ணாடிமேல் படிந்த ஃபைப்ரினோஜனை உயர் மூலக்கூறு எடைக் கினினோஜன் இடம்பெயர்ப்பதை அவருடைய குழு 1980இல் விளக்கியது. இந்த இடமாற்றமே இன்று ‘வ்ரோமன் விளைவு’ எனப்படுகிறது. புரத அடுக்கு நிலையானது என்ற எண்ணம் இதனால் தகர்ந்தது.

தடிமன் ஓர் அளவுகோலாதல்

பாலிஹீமாவை உயிரணு ஆய்வின் கருவியாக்கியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஜூடா ஃபோக்மேனும் ஆன் மொஸ்கோனாவும் ஆவர். பாலிஹீமாவை ஆல்கஹாலில் கரைத்து, வெவ்வேறு செறிவில் வளர்ப்புத் தட்டுகளில் ஊற்றி உலரவிட்டனர். ஆல்கஹால் ஆவியானதும் வெவ்வேறு தடிமனில் படலங்கள் எஞ்சின. மெல்லிய படலத்தில் உயிரணுக்கள் தட்டையாகப் பரந்தன. படலம் தடிக்கத் தடிக்க உருண்டன. உருண்ட அளவுக்கு அவற்றின் டிஎன்ஏ ஆக்கமும் குறைந்தது. 1978இல் வெளியான இந்த ஆய்வு, பூச்சின் தடிமன் ஒட்டுதலையும் அதன்வழி உயிரணுவின் பெருக்கத்தையும் ஆள்கிறது என நிறுவியது.

வெப்பநிலைக்கு இசையும் பூச்சு

ஜப்பானில் டெரூவோ ஒகானோவும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு ஒட்டவைக்கப்பட்ட வளர்ப்புப் பரப்பை அறிமுகம் செய்தனர். ஏறத்தாழ 32° செல்சியசுக்கு மேல் இப்பலபடி நீரை விட்டுச் சுருங்கும். அதற்குக் கீழே நீரேற்று விரியும். ஆகவே 37°இல் ஒட்டி வளரும் உயிரணுக்கள், தட்டைக் குளிர்வித்தால் தாமாகவே விடுபடுகின்றன. டிரிப்சின் போன்ற நொதி தேவையில்லாததால் உயிரணுக்களுக்கு இடையிலான பிணைப்பும், அடியில் படிந்த ஃபைப்ரோனெக்டினும் சிதையாமல் முழுத் தகடாக வெளிவருகின்றன.

இங்கும் தடிமனே தீர்மானித்தது. பாலிஸ்டைரீன்மேல் 15 முதல் 20 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்கில் உயிரணுக்கள் 37°இல் ஒட்டின. 30 நானோமீட்டரைத் தாண்டினால் அதே வெப்பநிலையில் ஒட்ட மறுத்தன. அடித்தளத்தை ஒட்டிய சங்கிலிகள் அசைவு குன்றி நீரை இழக்கின்றன. தடித்த அடுக்கின் மேற்புறச் சங்கிலிகளோ நீரைத் தக்கவைத்துப் புரதத்தை விலக்குகின்றன. வேதிப்பொருள் ஒன்றே, விளைவு நேரெதிர்.

2004இல் கோஜி நிஷிடா குழுவினர் 4 நோயாளிகளின் வாய்ச் சளிச்சவ்விலிருந்து எடுத்த உயிரணுக்களை இத்தகைய தட்டில் வளர்த்து, 20°இல் பிரித்தெடுத்த தகட்டைத் தையலின்றிக் கண்ணின் கார்னியாமீது பொருத்தினர். நால்வருக்கும் கார்னியா தெளிந்து பார்வை மேம்பட்டது.

முடிவுரை

குருதியைத் தொடும் கருவிக்குப் புரதத்தை விலக்கும் பூச்சு வேண்டும். திசு வளர்ப்புக்கு அதைப் பிடித்துவைக்கும் பூச்சு வேண்டும். பலபடியின் பெயரை மட்டும் வைத்து ஒன்றை எந்த வகையிலும் சேர்க்க முடியாது என்பதை மேற்கண்ட ஆய்வுகள் காட்டுகின்றன. பூச்சின் தடிமன், வெப்பநிலை, அடித்தளம், ஊடகத்தில் கலந்த சீரம் ஆகிய நான்கையும் குறிக்காமல் ‘இப்பூச்சில் உயிரணு ஒட்டும்’ என்று எழுதுவது அறிவியல் முடிவாகாது.