ஓ லெவலா, எம்.சி.எஸ்.இ.யா?

வட்டக்கோட்டைப் பக்கம் பி.காம். படிப்பவரும் கம்ப்யூட்டர் துறைக்குள் நுழைய அரசாங்கமே ஒரு வழி போட்டது. 1990-ல் மின்னணுத் துறையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலும் (ஏ.ஐ.சி.டி.இ.) சேர்ந்து கொண்டுவந்த டோயெக் திட்டம்தான் அது. ஓ, ஏ, பி, சி என்று நான்கு படிகள். பிளஸ் டூ முடித்திருந்தால் ஓ லெவல் சேரலாம் (காமர்ஸ் குரூப் ஆனாலும் சரி!). பி லெவல் எம்.சி.ஏ.வுக்குச் சமம்.

ஆனால் 90-களின் கடைசியில் பலருடைய கண் போனது எம்.சி.எஸ்.இ. மீதும், 1998-ல் வந்த சி.சி.என்.ஏ. மீதும்தான். கம்பெனி பெயருக்கு இருக்கும் மவுசு அப்படி! அதன் ஆயுளும் கம்பெனி கையில்தான். சி.சி.என்.ஏ.வை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எம்.சி.எஸ்.இ.க்கோ மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ல் மூடுவிழா நடத்திவிட்டது. டோயெக் 2011-ல் நீலிட் என்று பெயர் மாறியது. ஓ லெவல் பரீட்சை இன்றும் நடக்கிறது.