கடல் தாண்டக் கூடாது, ஆனால்...



உங்களில் பலர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு முன் அப்படிப் போயிருந்தால், ஆசாரமான சில குடும்பங்களில் உங்களைச் சாதியை விட்டே தள்ளி வைத்திருப்பார்கள்.

கடல் பயணம் குற்றம் என்கிறது பௌதாயன தர்மசூத்திரம். அதற்குப் பிராயச்சித்தமும் அதே நூலில் இருக்கிறது. 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வரை போய் வந்த நாடு நம்முடையது. பிற்காலத்தில்தான் இந்தத் தடை, முக்கியமாக உயர்சாதியினரிடம், கெட்டிப்பட்டது. தடை இறுக இறுக, வழிகளும் பிறந்தன.

1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங் லண்டன் போக வேண்டியிருந்தது. பிரம்மாண்டமான வெள்ளிக் கொப்பரைகளில் கங்கை நீரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். கங்கையே கூட வரும்போது ஆசாரம் எப்படிக் கெடும்? ஒவ்வொரு கொப்பரையும் சுமார் 345 கிலோ வெள்ளி. இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையில் பார்க்கலாம்.

நம் கணிதமேதை ராமானுஜன் கதை வேறு. 1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி அழைத்தபோது அவர் போகவில்லை. பிறகு அவருடைய தாயார் கோமளத்தம்மாள் ஒரு கனவு கண்டார். மகனைத் தடுக்காதே என்று நாமக்கல் நாமகிரித் தாயார் சொன்னதாகக் கனவு. 1914 மார்ச் 17-ல் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். குடுமியை எடுத்தார்; சைவ உணவை மட்டும் விடாமல், தானே சமைத்துச் சாப்பிட்டார்.

1919-ல் நோயாளியாகத் திரும்பினார். ராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்வதாக இருந்தது. உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் காலமானார். பிராயச்சித்தம் செய்யாதவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன 300-க்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்காக யாரும் கொப்பரை செய்யவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் போனார்கள்.

விதிக்கு வழி கண்டுபிடித்தவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அந்தக் கனவு வந்திராவிட்டால் ராமானுஜன் கப்பல் ஏறியிருப்பாரா? தெய்வத்தையும் விடாமல் பிள்ளையையும் தடுக்காமல் ஒரு தாய்க்கு வழி கிடைத்தது. என் மனத்தை உறுத்துவது மற்றது. பணமும் உடல்நலமும் உள்ளவருக்கு மட்டும் கதவு திறந்தது. சாகக் கிடந்தவருக்குத் திறக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படிக் கதைகள் இருக்கும். கேட்டு எழுதுங்கள்.