மத்சுசிரோ வாட்சோதனை

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். வாளின் மாற்றைக் காட்டுவது யாது? போர் என்பதே இயல்பான விடை. ஆயின், போரே நிகழாத நாட்டில், இடையில் இரு வாள் செருகும் உரிமை பெற்ற வகுப்பார், தாம் பெரும்பொருள் ஈந்து செய்வித்த வாள் நல்லதோ அன்றோ என்பதை எங்ஙனம் அறிவர்? தொக்குகாவா ஷோகுன்மார் ஆண்ட யப்பானில் இவ்வினா எழுந்தது. 1638 ஆம் ஆண்டிலே சிமபாராக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடு பெரும்போர் எதனையும் கண்டிலது. சாமுராய்களின் வாள் உறையில் உறங்கிற்று. கொல்லரின் உலையோ அணையவில்லை.

இக்குறையை நிரப்ப வளர்ந்ததே ‘தமேஷிகிரி’ எனப்படும் வெட்டுச் சோதனை. வைக்கோற் கட்டையும் மூங்கிலையும் வெட்டிப் பார்ப்பது ஒருபுறம் இருக்க, பெருமதிப்புப் பெற்ற சோதனை, மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட குற்றவாளிகளின் உடல்மீதே நடைபெற்றது. மண்மேட்டிலே உடலைக் கிடத்தி, சோதனைக்கென அமைந்த தனிப்பிடியை வாளுக்குப் பொருத்தி, தேர்ந்த ஒருவன் ஓங்கி வெட்டுவான். ஒரே வீச்சில் இரண்டு உடல் அறுபட்டதாயின் அச்செய்தியும் வெட்டியவன் பெயரும், பிடிக்குள் மறையும் வாளின் அடிப்பாகத்திலே பொன்னாற் பொறிக்கப்படும். எடோ நகரில் யமடா அசாயெமொன் என்னும் பெயரைத் தலைமுறைதோறும் தாங்கிய குடும்பத்தார் இத்தொழிலிற் பெயர் பெற்றிருந்தனர். ஷோகுனின் வாள்களைச் சோதித்தவரும் குற்றவாளிகளின் தலை கொய்தவரும் இவர்களே. எனினும் ஷோகுனின் முறையான பணியாளராக ஏற்கப்படாது, தலைவனற்ற சாமுராய்களாகவே இவர்கள் வாழ்ந்தனர். 1797 இல் வெளிவந்த ‘கைஹோ கென்சாக்கு’ என்னும் நூல் கொல்லர் பலரை அவர்தம் வாள்களின் வெட்டுத்திறன் கொண்டு தரம் பிரித்தது.

இக்கொடிய சோதனை கூர்மையைக் கண்டதேயன்றி உரத்தைக் கண்டதன்று. இறந்த உடல் வாளை எதிர்த்து நிற்பதில்லை. களத்திலோ இரும்புத் தலைச்சீராவும் மார்புக் கவசமும் மாற்றான் வாளும் எதிர்ப்படும். மேலும், பொன்னெழுத்து உரைத்த பெருமையில் வாளுக்கு உரியது எத்துணை, வெட்டியவன் கைக்கு உரியது எத்துணை எனப் பிரித்தறிதலும் அரிது.

உரமும் கூர்மையும் ஒன்றோடொன்று முரணுவன. யப்பானியக் கொல்லன் இரும்பு மணலிலிருந்து பெற்ற உருக்கைப் பலகால் மடித்து அடிப்பான். மென்மையான இரும்பை உள்ளே வைத்து வல்லுருக்கால் அதனைப் பொதிவான். பின் வாளின் முதுகிலே தடிப்பாகவும் அலகிலே மெல்லிதாகவும் களிமண் பூசிக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவான். விரைந்து ஆறும் அலகு வன்மையுறும். மெல்ல ஆறும் முதுகு நெகிழ்ச்சியோடு நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்திலே வெண்மையான அலைக்கோடு ஒன்று தோன்றும். அக்கோட்டில் உருக்கின் மணிகள் பருத்து விண்மீன்போல் மின்னுவது காண்பார்க்கு இன்பம். ஆயின் சூடு மிகுந்து மணிகள் அளவுமீறிப் பருப்பின், உருக்கு எளிதில் நொறுங்கும். அமைதிக் காலத்துச் சாமுராய் கண்ணாலே வாளை வாங்கினான். கொல்லனும் கண்ணுக்கே வாள் செய்தான். சுயிஷின்ஷி மசகிடே (1750–1825) என்னும் பெருங்கொல்லர், பகட்டான அலகுக்கோடு உடைய வாள்கள் முறிகின்றன எனக் கண்டித்து, பண்டையோர் முறைக்கு மீளுமாறு வற்புறுத்தினார். அவருடைய தலைமாணாக்கர் தைகெய் நவோதனே. எடோவில் அவர் பெயர் பொறித்த வாளுக்கு மதிப்பு மிகுதி.

சினானோ நாட்டின் மத்சுசிரோவைச் சனாடா மரபினர் ஆண்டுவந்தனர். அவ்வரசின் ஆயுதசாலையிலே நவோதனேயின் படைக்கலங்களும் இருந்தன. அவற்றின் உரம் பற்றி ஐயம் எழுந்தது. அதே நாட்டவரான யமவுரா மசாவோ (1804–1874) அப்போது எடோக் கொல்லருக்கு நிகரான புகழ் பெற்றவரல்லர். இன்று அவரினும் பெயர் பெற்று விளங்குபவர் அவருடைய இளவல் கியோமாரோ. 1853 ஆம் ஆண்டு, யப்பானிய நாட்காட்டியின்படி மூன்றாம் மாதம் இருபத்துநான்காம் நாள், மத்சுசிரோ அதிகாரிகள் கொல்லர் சிலரின் வாள்களை ஒருங்கே வைத்துச் சோதித்தனர்.

வாள் எத்துணை வெட்டும் என்பதோடு, எப்போது முறியும் என்பதையும் அறிய விரும்பியமையே இச்சோதனையின் சிறப்பு. முதலில் வைக்கோற் கட்டு; அடுத்து மூங்கிலை உள்வைத்த வைக்கோல்; பின்னர் மான்கொம்பு, இரும்பு, கவசம், தலைச்சீரா எனப் பொருள் வரவரக் கடினமாயிற்று. புகழ்பெற்ற நவோதனேயின் வாள் விரைவிலே தோற்றது. மசாவோவின் வாள் எல்லாவற்றையும் வெட்டிய பின்னரும் முறியவில்லை. அதன்பின் அதிகாரிகள் இரும்புக் கோலாலும் சம்மட்டியாலும் அதன் முதுகிலும் பக்கத்திலும் மாறிமாறி அறைந்தனர். பன்முறை அடியுண்ட பின்னரே அது முறிந்தது. நிகழ்ந்தவற்றை வரிசையாகப் பதிந்த குறிப்பு எஞ்சியிருப்பதனாலேயே இவற்றை நாம் அறிகின்றோம். இன்றைய பொறியியலார் ஒரு பொருளை அழித்தே அதன் எல்லையைக் காண்பர். மத்சுசிரோ அதிகாரிகள் செய்ததும் அதுவே. இதன் பின்னர் மசாவோ அவ்வரசின் கொல்லராகப் பணியாற்றினார்.

நவோதனேயை இதுகொண்டு போலிக் கொல்லர் எனத் தள்ளுதல் நேரிதன்று. அப்போது அவர் எழுபதைக் கடந்தவர். கேட்டவர் விரும்பிய அழகைச் செய்து கொடுத்தவர். அவருடைய வாள்கள் இன்றும் பெருமதிப்புப் பெறுகின்றன. ஒருவர் செய்த சில வாள்கள் ஒருநாள் முறிந்தமை அவர் வாழ்நாள் உழைப்பு முழுவதற்கும் தீர்ப்பாகாது. பிழை வாங்கியோரின் சுவையிலும் உண்டு.

சோதனை முடிந்து இரண்டு மாதங்களுக்குச் சற்றுமேல் ஆனதும், 1853 யூலை 8 ஆம் நாள், அமெரிக்கத் தளபதி பெரியின் நான்கு போர்க்கப்பல்கள் உராகாக் கடலில் நங்கூரமிட்டன. கடற்காவலைப் பலப்படுத்துதல் வேண்டும் எனவும் மேனாட்டுப் பீரங்கிக் கலையைக் கற்றல் வேண்டும் எனவும் பல ஆண்டாக வாதித்துவந்த சக்குமா சோசான் (1811–1864) மத்சுசிரோவைச் சேர்ந்தவரே. தலைச்சீராவைப் பிளக்கவல்ல வாளைத் தேடியோரும் கோட்டையைப் பிளக்கவல்ல பீரங்கியை வார்க்க முனைந்தவரும் ஓரரசின் ஊழியராயிருந்தமை அக்காலத்து யப்பானின் மனநிலையை நன்கு விளக்கும். மறு ஆண்டு, தம் மாணாக்கர் யோஷிதா சோயின் அமெரிக்கக் கப்பலேற முயன்ற வழக்கிலே சோசானும் சிறைப்பட்டு, பின் மத்சுசிரோவிலேயே காவலில் வைக்கப்பட்டார். மசாவோ 1874 இல் மறைந்தார். வாள் தரித்து வெளிச்செல்லுதலைப் பொதுவாகத் தடுத்த ஆணை 1876 மார்ச்சு மாதத்தில் வந்தது.