விளையாட்டு வழிச் சார்பு நிரலாக்கம்

எளிய ஆட்டங்களைக் கணினியில் எழுதிப் பார்த்துச் சார்பு நிரலாக்கத்தைப் பழகும் கற்றல் முறை. கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசையாக நிரலைக் கருதாமல், மதிப்பை வாங்கி மதிப்பைத் தரும் சார்புகளின் தொகுப்பாகக் கருதுவது சார்பு நிரலாக்கம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித நூலின் முதல் இயலான ‘உறவுகளும் சார்புகளும்’ பேசும் அதே சார்புதான் இது. கணினி அறிவியல் நூல்கள் அதைச் செயற்கூறு என்கின்றன. ஒன்றுக்கு இரண்டு பெயர் வைத்ததால், இரண்டு வகுப்பிலும் நடப்பது ஒரே பாடம் என்பது மாணவர் கண்ணில் படாமலே போகிறது.

நெய்வேலியில் வளர்ந்தவருக்கு இதன் அடிப்படையைச் சொல்லக் கரும்பலகை வேண்டாம். சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் வெட்டியது கன்வேயரில் ஏறுகிறது. மேல்மண் என்றால் ஸ்ப்ரெடருக்கும், பழுப்பு நிலக்கரி என்றால் அனல்மின் நிலையத்துக்கும் போகிறது. ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்கிறது. கணித நூல் இதைச் சார்புகளின் சேர்ப்பு என்கிறது. ஆனால் சுரங்கத்தில் வெட்டிய நிலம் வெட்டியதுதான். பழைய நிலைக்குத் திரும்பாது. தூய சார்பு தன்னிடம் வந்ததைத் தொடுவதில்லை. அதைப் பார்த்துப் புதிதாக ஒன்றைத் தருகிறது, பழையது பழையபடியே இருக்கிறது.

இதன் வேர் அலோன்சோ சர்ச் 1930களில் வகுத்த லாம்டா நுண்கணிதம். ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப், 1990இல் வந்த ஹாஸ்கெல் ஆகியவை அந்த வழி வந்த மொழிகள். ஆட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வழக்கமும் பழையது. ஜான் ஹியூஸ் சார்பு நிரலாக்கத்தின் தேவையை வாதிட்டு 1989இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஆட்டத்தில் இனி வரக்கூடிய நிலைகள் அனைத்தையும் ஒரு மரமாக வளர்க்கும் சார்பு ஒன்றும், அதில் எதுவரை பார்ப்பது என்று வெட்டும் சார்பு ஒன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. மரம் எவ்வளவு பெரிதானாலும் கேட்ட கிளை மட்டுமே கணக்கிடப்படும். மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட நம் ஆடு புலி ஆட்டத்துக்கு இந்த அமைப்பு அப்படியே பொருந்தும்.

பாடநூலில்

நெய்வேலி நகரியத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த மாணவருக்கு இந்த முறை ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்பு நூலில் ஓநாய், ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரு படகில் அக்கரை சேர்க்கும் புதிர் இருக்கிறது. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முதல் இயலே செயற்கூறு. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது தூய செயற்கூறு என்று அது வரையறுக்கிறது. சைன் சார்பு தூயது. சமவாய்ப்பு எண் தரும் செயற்கூறு தூயதன்று. குரோம்லேண்டு என்னும் கற்பனை நாட்டின் பச்சோந்திகளும் அங்கே வருகின்றன: வெவ்வேறு நிறத்தின இரண்டு சந்தித்தால் இரண்டுமே மூன்றாம் நிறத்துக்கு மாறும். இரு நிறத்தின் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்க வேண்டும். விடை, தன்னையே அழைக்கும் ஒரு செயற்கூறு. முதல் இரண்டிலும் ஒவ்வொன்று குறைய, மூன்றாவதில் இரண்டு கூடும். மொத்தம் மாறுவதே இல்லை.

பல்லாங்குழி

பச்சோந்திக்கு அடுத்த படியாகப் பல்லாங்குழியைச் சொல்லலாம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய் என்று ஆடும் வழக்கில் 70 காய். பலகையின் நிலை பதினான்கு எண்களின் பட்டியல் ஒன்றும், ஒவ்வொருவரும் எடுத்த காய்களின் கணக்கும் மட்டுமே. ‘எடுத்துப் போடு’ என்னும் சார்பு ஒரு நிலையையும் குழி எண்ணையும் வாங்கிப் புதிய நிலையைத் தரும். கையிலுள்ள காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் காய் இருந்தால் அதை அள்ளித் தொடர்கிறோம். அதாவது சார்பு தன்னையே மறுபடி அழைக்கிறது. அடுத்த குழி காலியென்றால் அதைத் துடைத்து, அதற்கடுத்ததை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடுகிறோம். அழைப்பு அங்கே நிற்கிறது. தன்னழைப்பு எங்கே தொடரும், எங்கே முடியும் என்பதுதான் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம். திண்ணையில் ஆடிய கைக்கு அது முன்பே தெரியும்.

சரிபார்ப்பதும் எளிது. குழிகளிலும் கைகளிலும் உள்ளவற்றைக் கூட்டினால் எந்நேரமும் 70 வரவேண்டும். 69 வந்தால் நிரலில் பிழை. இத்தகைய மாறா உண்மையைச் சொல்லிவிட்டு, நூற்றுக்கணக்கான சோதனைகளை நிரலே உருவாக்க விடும் குயிக்செக் என்ற கருவியைக் கோன் கிளாசனும் அதே ஹியூஸும் 2000இல் வெளியிட்டனர். ஆட்டத்தைத் திரும்பப் பெறுவதற்குத் தனி வேலையே இல்லை. முந்தைய நிலை அழியாததால் அதை எடுத்து வைத்தால் போதும்.

தாயம் வேறு கதை. கட்டையை உருட்டினால் என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. பாடநூல் சொன்ன தூய்மை அங்கே போய்விடுகிறது. இதற்குத் தீர்வு எல்லை வகுப்பதுதான். உருட்டுவது வெளியே நடக்கும். விழுந்த எண் உள்ளீடாக வரும். காய் நகர்வது தூய சார்பின் வேலை. ராக்கெட் மொழியில் மாணவர்க்கென அமைந்த ‘பிக்-பேங்’ வசதியும் இப்படித்தான் இயங்குகிறது. கடிகாரம், விசைப்பலகை, திரை மூன்றையும் அது பார்த்துக்கொள்ள, மாணவர் எழுதுவது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் சார்பும், நிலையைப் படமாக்கும் சார்பும் போன்றவற்றை மட்டுமே.

எல்லா ஆட்டமும் இதற்கு ஏற்றதன்று. நொடிக்கு அறுபது முறை திரை மாறும் சுடும் ஆட்டத்தில் வேகத்தைப் பற்றிய கவலையே பாடத்தை விழுங்கிவிடும். முறை வைத்து ஆடும் ஆட்டமே தொடக்கத்துக்கு நல்லது.

பன்னிரண்டாம் வகுப்பு நூல் ஐந்தாம் இயலில் பைத்தானுக்குப் போய்விடுகிறது. முதல் இயலின் தூய செயற்கூறுகளை வைத்து ஓர் ஆட்டத்தையாவது முழுதாக எழுத வைத்திருக்கலாம். பைத்தானிலும் அதைச் செய்யத் தடையில்லை. ஹாஸ்கெலில் தொடர விரும்புவோருக்குச் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்தும் எஸ். பி. சுரேஷும் நடத்திய பாடம் என்பிடெல் இணையத் தளத்தில் காணொளிகளாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பயிற்றுமொழி ஆங்கிலம்.