நுவரெலியாவின் தேர்தல் வரலாறும் வாக்காளரைச் சுட்டிய சொற்களும்

1. முன்னுரை

ஒரு தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதுவோர் வேட்பாளர், கட்சி, பெற்ற வாக்கு ஆகியவற்றை அட்டவணையிட்டுக் காட்டுவது வழக்கம். இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் இம்முறை போதாது. அங்கு யார் வென்றார் என்ற வினாவுக்கு முன்னதாக, யார் வாக்களிக்க அனுமதிக்கப்பட்டார் என்ற வினா எழுகிறது. 1947இல் தமிழ்த் தொழிலாளர் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்த இத்தொகுதியில், 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வாக்காளராக இல்லை. தோட்டங்கள் அங்கேயே இருந்தன. மக்களும் அங்கேயே இருந்தனர். மாறியவை சட்டத்தின் சில சொற்கள்.

அச்சொற்களைக் கால வரிசையில் எடுத்துக்கொண்டு, அவை இத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் விளைவித்த மாற்றங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சட்டச் சொல்லின் பொருளை அதன் அகராதி விளக்கத்தோடு நிறுத்திவிட இயலாது. அச்சொல் யாரைப் பட்டியலில் சேர்த்தது, யாரை நீக்கியது என்பதும் அதன் பொருளில் அடங்கும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல், குடியுரிமை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று வழங்குபவை இலங்கைத் தமிழில் முறையே வாக்காளர் இடாப்பு, பிரஜாவுரிமை, குடிசன மதிப்பீடு என வழங்குகின்றன. இலங்கைச் சூழலைச் சுட்டும் இடங்களில் அந்நாட்டு வழக்கே இக்கட்டுரையில் பெரிதும் கையாளப்படுகிறது.

2. செக்ரோலில் பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டனர். தோட்டத்தில் அவர்களுடைய இருப்புக்குச் சான்றாக அமைந்த முதல் ஆவணம் செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேடு. தோட்டத் தமிழில் 'பேர்' என்னும் சொல் ஒரு நாள் கூலியைக் குறிக்கும் பொருளைப் பெற்றமைக்கு இப்பதிவேடே காரணம். உரிய வேலையை முடித்தவருக்கு ஒரு பேர். குறையின் அரைப் பேர். ஒருவருடைய பெயரும் அவருடைய உழைப்பின் விலையும் ஒரே சொல்லாக இணைந்த இவ்வழக்கு, சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வோர் கருதத்தக்கது.

அரசின் பதிவேட்டில் இம்மக்களுக்குத் தனிப்பெயர் கிடைத்தது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில். அதில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பகுப்பு முதன்முதலாக இடம்பெற்றது. இரு பிரிவினரும் பேசிய மொழி தமிழாக இருக்க, பகுப்புக்கு அடிப்படையாக அமைந்தது வந்த நாடு. வீட்டில் தெலுங்கு பேசிய அருந்ததியர் குடும்பங்களும் இந்தியத் தமிழர் என்ற தொகைப்பெயருள் அடங்கின. ஆகவே இதனை மொழிப்பெயராகக் கொள்வது பிழையாகும். இது நிர்வாகம் இட்ட இனப்பெயர்.

3. நிரந்தர வாசம்

1928இல் டொனமூர் ஆணைக்குழு அனைவருக்கும் வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. இந்தியத் தொழிலாளர் வகையில் ஐந்தாண்டு வசிப்பைத் தகுதியாகக் கொண்டது. சிங்களத் தலைவர்களின் எதிர்ப்புக்குப் பின் 1931இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில் இத்தகுதி மாறியது. நிரந்தர வாசம், அல்லது எழுத்தறிவு அல்லது சொத்துத் தகுதி, அல்லது நிரந்தரமாகக் குடியமர்ந்தமைக்கான சான்றிதழ் தேவை என்றாயிற்று.

ஐந்தாண்டு வசித்தல் என்பது புறத்தே காணக்கூடிய நிகழ்ச்சி. நிரந்தர வாசம் என்பதோ ஓரிடத்திலேயே தங்கிவிடும் எண்ணத்தையும் உள்ளடக்கிய சட்டக் கருத்து. எண்ணத்தை எண்பிக்கும் சுமை, எழுதப் படிக்க வாய்ப்பற்ற தொழிலாளர் மீது விழுந்தது. 'வசிப்பு', 'வாசம்' ஆகிய இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதும் மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

இத்தடைகளுக்கு இடையேயும் மலைநாட்டுத் தமிழர் அரசாங்க சபையில் இடம்பெற்றனர். ஹட்டன் தொகுதியிலிருந்து 1931இல் பெரி. சுந்தரமும், 1936இல் தொழிற்சங்கத் தலைவரும் இதழாளருமான கோ. நடேசய்யரும் உறுப்பினராயினர். 1939இல் நேரு இலங்கை சென்றபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது.

4. 1947: ஏழு உறுப்பினர்

சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 95 இடங்களுள் ஏழில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், அளுத்நுவரவில் டி. இராமானுஜம், பதுளையில் எஸ். எம். சுப்பையா ஆகியோர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்களுள் வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். பின்னர் 'வீடற்றவன்' என்னும் நாவலை எழுதியவர். மலைநாட்டின் வேறு பல தொகுதிகளிலும் தொழிலாளர் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. அடுத்து வந்த சட்டங்களின் அரசியல் பின்னணியாக இதனைக் கொள்ளலாம்.

5. வழிவழி உரிமையும் பதிவு உரிமையும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வழிவழியாக வரும் பிரஜாவுரிமை, பதிவால் பெறும் பிரஜாவுரிமை என இரு வகைகளை வகுத்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் சொற்கள் எந்த இனத்தையும் பெயர் சுட்டவில்லை. ஆயினும் லயங்களில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்று காட்டுவது அரிது. அச்சான்றைக் காட்டும்படி கேட்கப்பட்டவரும் பெரும்பாலும் தோட்டத் தமிழரே. பொதுச் சொல்லால் இயன்ற சட்டம் குறிப்பிட்ட ஒரு மக்கள் மீதே பாய்ந்தமைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவுக்கு வழிவகுத்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வசித்தமையைக் காட்ட வேண்டியிருந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. அவர்களுள் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. மூன்று சட்டங்களும் சேர்ந்தே இடாப்பை வெறுமையாக்கின. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'வாக்குரிமையைப் பறித்த சட்டம்' என எழுதுவது முழுமையாகாது.

இச்சட்டங்களை ஒட்டித் தமிழ்க் காங்கிரசில் பிளவு ஏற்பட்டு, 1949 டிசம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. பின்னர்த் தொண்டமான் பாராளுமன்றத்தில் இடம்பெற்றது 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகவே.

இக்காலத்தில் நிலவிய ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. தொகுதி எல்லைகள் வகுக்கப்பட்டபோது பிரஜையல்லாதாரும் மக்கள்தொகையில் எண்ணப்பட்டனர். அதனால் மலைநாட்டுக்குரிய இடங்கள் குறையவில்லை; அவ்விடங்களை நிரப்பும் வாக்கு மட்டும் எஞ்சிய சிறுபான்மை வாக்காளரிடம் சென்றது. எண்ணிக்கையில் இருந்தவர் இடாப்பில் இல்லை.

6. நாடற்றவரும் தாயகம் திரும்பியோரும்

இம்மக்கள் இந்தியப் பிரஜைகளே என்பது இலங்கை அரசின் நிலைப்பாடு. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பின்படி பதிவு செய்துகொண்டவர் மட்டுமே இந்தியக் குடிமக்கள் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. இரண்டுக்கும் இடையே நின்றோரைத் தமிழில் 'நாடற்றவர்' என்றனர். ஓர் அரசும் தன் குடியாக ஏற்காதவர் என்பதே இதன் மூலக்கருத்து. தமிழ்ச் சொல்லோ, அவர்களுக்கு நாடே இல்லை என்று கூறுகிறது. பிறந்து வளர்ந்து உழைத்த நாடு அவர்களுக்கு இருந்தது, இல்லாதது குடியுரிமை. 'குடியுரிமையற்றோர்' என்பது பொருளுக்கு நெருக்கமானது. எனினும் 'நாடற்றவர்' என்பதே நிலைபெற்றுவிட்டது. அதன் உணர்ச்சி வலிமை போராட்ட மேடைகளில் பயன்பட்டமையும் இதற்குக் காரணமாகலாம்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பகுத்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. இலங்கைக் குடியுரிமை பெறுவோரைத் தனி வாக்காளர் இடாப்பில் சேர்க்கலாம் என்ற யோசனையும் அப்போது எழுந்து, கடும் எதிர்ப்புக்கு உள்ளாகிப் பின்னர்க் கைவிடப்பட்டது.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். நுவரெலியாவில் பிறந்து, இராமேசுவரத்தில் முதன்முறையாக இந்திய மண்ணை மிதித்த ஒருவருக்குத் 'திரும்புதல்' என்னும் வினை எவ்வாறு பொருந்தும்? இச்சொல் பயணத்தை விவரிக்கவில்லை. உடன்படிக்கையின் கோட்பாட்டை, அதாவது இந்தியாவே அவர்களுடைய தாயகம் என்பதை, ஒரு பெயருக்குள் வைத்து உறுதிசெய்கிறது. அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரி மாவட்டத்தில், 1968இல் தொடங்கப்பட்ட அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தின்கீழ்க் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளராயினர். ஒரு மலையில் இழந்த வாக்கு மற்றொரு மலையில் கிடைத்தது. ஆனால் அங்கு அவர்களை அண்டை அயலார் 'சிலோன்காரர்' என்றனர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர் என்ற இவ்விரு பெயர்களும் ஒரே குடும்பத்துக்கு ஒரே வாழ்நாளில் வழங்கியவை.

7. 1977க்குப் பின்

1977இல் நுவரெலியா-மஸ்கெலியா, மூன்று உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியாக அமைந்தது. காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருடன் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராகத் தேர்வானார். 1947க்கும் இத்தேர்தலுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஆகியவை எஞ்சியோருக்குப் படிப்படியாகக் குடியுரிமை வழங்கின. முதல் இரண்டின் தலைப்பு 'நாடற்றவர்' என்றது. மூன்றாவது 'இந்திய வம்சாவளியினர்' என்றது. 1949இல் விலக்குதற்குப் பயன்பட்ட 'இந்திய' என்னும் அடை, 2003இல் சேர்த்தற்குப் பயன்பட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் என்பதே அச்சட்டத்தின் தகுதி. உடன்படிக்கை கையெழுத்தான நாளே உரிமைக்கு எல்லைநாளாயிற்று.

1989 முதல் பொதுத்தேர்தல்கள் விகிதாசார முறையில், மாவட்ட அடிப்படையில் நடைபெறுகின்றன. நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய நான்கும் நுவரெலியாத் தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்புப் பிரிவுகள். 1994இல் இம்மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவில் வென்ற மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரனின் ஆதரவே, 225 பேர் கொண்ட அவையில் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணிக்கு 113 என்ற பெரும்பான்மையைத் தந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டோரின் வழிவந்தவர் ஓர் அரசு அமையக் காரணமாயினர். 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் கிருஷ்ணன் கலைச்செல்வி இம்மாவட்டத்திலிருந்து தேர்வானார். கொழுந்து பறிப்போருள் பெண்களே மிகுதி என்பதை நினைந்தால், இது மிகத் தாமதமாக வந்த நிகழ்ச்சி எனலாம்.

8. மலையகத் தமிழர்

இதுவரை கண்ட பெயர்கள் யாவும் பிறர் இட்டவை. 'மலையகம்' என்பது அம்மக்களே விரும்பி ஏற்றது. 'மலைநாடு' என்ற பழைய வழக்கை விடுத்து, ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியின் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்தம் மாணவத் தலைமுறையும் 1960களில் இச்சொல்லைப் பரப்பினர். 'அகம்' என்பதற்கு இடம், வீடு, உள் என்னும் பொருள்கள் உண்டு. வந்தேறியர் என்ற குற்றச்சாட்டுக்கு இச்சொல்லின் உருபனே விடையாக அமைகிறது. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்பதனோடு மலையகத் தமிழர் என்ற பெயரும் இணைந்து இடம்பெற்றுள்ளது.

இவ்வரலாற்றை மொழிபெயர்ப்போர் இரண்டு நெறிகளைக் கடைப்பிடிக்கலாம். முதலாவது, ஆவணம் எழுந்த ஆண்டுக்குரிய பெயரையே தருதல். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை மொழிபெயர்க்கையில் 'மலையகத் தமிழர்' என எழுதின், பரிவு தோன்றுமே தவிர, அச்சட்டம் அவர்களை அயலாராகக் கண்ட உண்மை மறையும். இரண்டாவது, வசிப்பு, வாசம், குடியுரிமை, வம்சாவளி ஆகிய சொற்களைத் தம்முள் மயங்காது காத்தல். நடை நயம் கருதி ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றுவது பிற நூல்களில் சிறு குறையாகலாம். வாக்காளர் இடாப்பின் வரலாற்றில் அம்மாற்றம், லட்சக்கணக்கானோர் தம் வாக்கை இழந்ததற்கான காரணத்தையே வாசகருக்குப் புலப்படாமற் செய்துவிடும்.