கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் நின்ற பையன்



இன்று மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். பதிவு கொஞ்சம் நீளம்தான். டீ ஒன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் ஒரு பிளஸ் ஒன் பையனைச் சிகரெட்டோடு பிடித்தேன். கன்னத்தில் ஓர் அறை. மறுநாள் அப்பாவை வரச் சொன்னேன். அவர் என் கண் முன்னாலேயே பெல்ட்டைக் கழற்றினார். நானும் தடுக்கவில்லை. கடமையைச் செய்துவிட்டோம் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

2018 செப்டம்பரில் அவனிடமிருந்து போன் வந்தது. 377 தீர்ப்பு வந்த வாரம். "சார், நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு" என்றான். பழைய கதையெல்லாம் பேசினோம். அந்தச் சிகரெட்டைப் பற்றியும் சொன்னான். "வகுப்புல என்னை ஒரு பட்டப்பேரு வெச்சுக் கூப்புடுவாங்க சார். சுவருக்குப் பின்னாடி அந்தப் பசங்களோட நின்னு ஊதுனா மட்டும் கூப்புட மாட்டாங்க."

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் என்ன என்று உங்களை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவனிடம் மட்டும் கேட்கவில்லை. அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர் கேட்காதீர்கள்.

புகையிலை நமக்கு அந்நியமில்லை. போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடி, பிற்காலத்தில் பழைய கோயமுத்தூர் ஜில்லாவின் முக்கியமான பணப்பயிர் ஆனது. சப்புத்தண்ணீர்க் கிணறுகூட அதற்கு ஆகும். எங்கள் அப்புச்சி தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய கை என்னுடையது. அம்மிச்சியின் சுருக்குப் பையில் வெற்றிலையோடு அது எப்போதும் இருக்கும். ஆகவே "கெட்ட சகவாசம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு உரிமை இல்லை.

இனி சட்டத்தின் கதை. நம் சிங்காநல்லூரிலேயே கூத்தாண்டவருக்குக் கோயில் இருக்கிறது. அரவானுக்காகத் தாலி கட்டி, தாலி அறுத்து அழும் திருநங்கைகளைக் கூவாகத்தில் ஊரே கூடிப் பார்க்கிறது. ஆனால் மெக்காலே காலத்தில் வரைவு எழுதி, 1860-ல் நிறைவேற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இப்படிப்பட்டவர்களின் அந்தரங்க வாழ்க்கையையே குற்றமாக்கியது. 2009-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம், வயதுவந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்றது. இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டு முழுக்க இவர்கள் வீட்டில் மறைந்தார்கள், வேலையிடத்தில் மறைந்தார்கள். சந்திக்க மிஞ்சியது இரவு நேரப் பூங்காவும் பஸ் ஸ்டாண்டும் பாரும்தான். அங்கே தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுக்க "தீப்பெட்டி இருக்குங்களா?" என்பதே வழி.

இலான் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் "சிறுபான்மையர் மன அழுத்தம்" என்று விளக்கினார். 2003-ல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. எல்லாருக்கும் இருக்கும் கவலைக்கு மேல், கேலி, பயம், ஒளிவு, தன் மேலேயே வெறுப்பு என்று கூடுதல் பாரம் ஒன்று தினமும் ஏறுகிறது. அதை இறக்கிவைக்கப் பலர் சிகரெட்டைப் பிடிக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1995-ல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனி, சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பு ஆண்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் போட்டது. திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் "ஸ்கம்" என்று வரும். கழிசடை என்று பொருள். யாரிடம் விற்கப் போகிறோமோ அவர்களுக்கே அந்தப் பெயர்! பின்னாளில் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

விளைவு கணக்கில் தெரிகிறது. அமெரிக்க அரசின் 2016 கணக்கெடுப்பில், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ள பெரியவர்களில் 20.5 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களில் 15.3 சதவீதம். 2020-ல் இது 16.1, 12.3 என்று இறங்கியது. இரண்டும் குறைந்தன, இடைவெளி மட்டும் மறையவில்லை. நம் நாட்டின் 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பு அட்டவணைகள் ஆண், பெண் என்றே பிரித்தன. எண்ணப்படாதவர்களுக்குத் திட்டம் எப்படி வரும்?

எது காப்பாற்றுகிறது?

முதலில் வீடு. கெய்ட்லின் ரையன் குழுவினரின் 2009 ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கிய இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றது, ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகம். போதைப்பொருள் பழக்கம் 3.4 மடங்கு. சிகரெட்டின் வேரும் இதே மண்ணில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்தது வேலையும் மரியாதையும். 2008-ல் தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2014 ஆகஸ்ட் 15 அன்று நம் கோவைத் தொலைக்காட்சி ஒன்றில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். 2020-ல் ஆர்.எஸ்.புரத்தில் திருநங்கைகள் சேர்ந்து கோவை டிரான்ஸ் கிச்சன் திறந்தார்கள். நாளை என்று ஒன்று இருந்தால்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

நண்பர் வட்டம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். வீடு துரத்தியவரை அதுதான் ஏந்திக்கொள்கிறது. அங்கே எல்லாரும் ஊதினால் விடுவதும் கஷ்டம். ஒருவர் விட்டால் நால்வர் விடுவதும் அதே வட்டத்தில்தான் நடக்கிறது.

மருத்துவர்களும் முக்கியம். ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கைகள் புகைத்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. கூச்சப்படாமல் உண்மையைச் சொல்ல முடிகிற மருத்துவர் இருந்தால்தான் இந்த எச்சரிக்கையே காதில் விழும். இவர்களை "மாற்றுகிறேன்" என்று சிகிச்சை செய்வதை 2021-ல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தடை செய்தது இதனால்தான் பெரிய விஷயம்.

என் மாணவன் மூன்றாவது முயற்சியில் விட்டான். முதல் இரண்டு தடவையும் சொந்தக்காரர் கல்யாணத்தில்தான் மறுபடி தொற்றியதாம். "வயசு முப்பதைத் தாண்டுது, இன்னும் பொண்ணு பார்க்கலியா?" என்று ஆளாளுக்குக் கேட்க, மண்டபத்துக்கு வெளியே போய் நின்றிருக்கிறான். மூன்றாவது முறை, எல்லாம் தெரிந்த அவன் சின்னம்மா கூடவே இருந்தார். யாராவது ஆரம்பித்தால், "அவன் நல்லா இருக்கறான், நீங்க சாப்புடுங்க" என்று பேச்சை வெட்டிவிடுவாராம்.

சொந்தபந்தங்களே, அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் நாமும் இருந்திருப்போம். இனி நம் வீட்டு விசேஷத்தில் வேண்டாம். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, சிகரெட்டோடு ஒரு பிள்ளையைப் பிடித்தால் பிடுங்கிப் போடுங்கள். அப்புறம் உட்கார வைத்து, "வகுப்புல யாராவது ஏதாவது சொல்றாங்களா கண்ணு?" என்று கேளுங்கள்.

விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச உதவி எண் 1800-11-2356.

அன்று நான் அடித்தது தப்பு என்று அவனிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். "விடுங்க சார்" என்றான். எனக்குத்தான் விட முடியவில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்