யாருடைய குரல் தெளிவாகக் கேட்கிறது?

இசைத்தட்டின் ஒலித்தரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆடியோஃபைல் என்று அவர்களுக்குப் பெயர். ஒரே ஆல்பத்தின் நான்கு பதிப்புகளை வாங்கி, எதில் பாடகரின் மூச்சு கேட்கிறது, எதில் டிரம்ஸ் ஓசை இயல்பாக இருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். ஸ்பீக்கர் வயருக்கே ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களும் உண்டு. நம்மில் பலருக்கு இது வசதியானவர்களின் பொழுதுபோக்காகத்தான் தெரியும். ஆனால் அவர்கள் பேசும் விஷயத்துக்குள் நமக்கு வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பதிவு ஏன் நன்றாக இருக்கிறது? இன்னொன்று ஏன் கரகரக்கிறது? கருவியும் தொழில்நுட்பமும் இதற்குப் பாதி விடைதான். யாருடைய குரலுக்காக யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பது மீதி விடை.

அவர்கள் அதிகம் கொண்டாடும் ஆல்பங்களில் ஒன்று மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில், நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டுடியோவில் பதிவானது. அந்த ஸ்டுடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். அந்தக் கூரையின் உயரமும் எதிரொலியும் இன்றும் பேசப்படுகின்றன. மார்ச் மாதப் பதிவில் ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கப் பாடல்கள் கொஞ்சம் சுருதி கூடி ஒலித்தன. 1992-ல்தான் இது திருத்தப்பட்டது. சுருதியில் ஏற்பட்ட இந்தச் சிறு பிசகைப் பற்றி ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆல்பம் வெளியானது 1959 ஆகஸ்ட் 17. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்பின் வாசலில் மைல்ஸ் டேவிஸ் நின்றிருந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்சியில் ஏற்றிவிட்டு அங்கே நின்றிருக்கிறார். நகர்ந்து போகச் சொன்ன போலீஸ்காரரிடம், நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்றார். தலையில் தடியடி விழுந்தது. ரத்தம் தோய்ந்த கோட்டோடு அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அவருடைய ட்ரம்பெட்டை உலகத் தரத்தில் பதிவுசெய்த அதே நகரம், அந்தக் கிளப்பின் நடைபாதையில் அவர் நிற்பதைப் பொறுக்கவில்லை. தரமான ஒலிப்பதிவு கலைஞருக்குக் கிடைத்த நீதி ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தத் தரமும் கிடைக்காதவர்களின் கதைக்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இன இசைத்தட்டுகள்

அமெரிக்காவில் இசைத்தட்டுத் தொழில் தொடங்கிய முதல் சில பத்தாண்டுகளில், கறுப்பினப் பாடகிகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கறுப்பின மக்கள் தட்டு வாங்க மாட்டார்கள் என்று நிறுவனங்கள் தீர்மானித்து வைத்திருந்தன. 1920 ஆகஸ்டில் ஓக்கே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் பாடிய 'கிரேசி ப்ளூஸ்' அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. முதல் மாதத்திலேயே 75,000 தட்டுகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. உடனே எல்லா நிறுவனங்களும் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. ஆனால் அந்தத் தட்டுகளுக்கென்று தனி வரிசை, தனி எண், தனி விளம்பரம் வைத்தன. அந்த வரிசைக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இன இசைத்தட்டுகள் என்று பெயர். பில்போர்ட் பத்திரிகை அந்தப் பெயரை விட்டுவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது 1949-ல்தான். தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் பார்த்த நமக்கு, இந்தத் தனி வரிசையின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

இதற்கு எதிராக 1921-ல் ஹாரி பேஸ் என்ற கறுப்பினத் தொழில்முனைவர் நியூயார்க்கில் 'பிளாக் ஸ்வான்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் இயக்குநர் குழுவில் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் இருந்தார். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 1946-ல் பாபாசாகேப் அம்பேத்கர் கடிதம் எழுதியது இவருக்குத்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டிருந்தார். தீண்டத்தகாதோர் நிலையும் கறுப்பின மக்களின் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். இந்திய ஒடுக்கப்பட்ட மக்கள் மீது தமக்குள்ள அக்கறையைச் சொல்லி டு போய்ஸ் பதில் எழுதினார். உரிமைக்கான மனு எழுதிய அதே மனிதர், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்குத் துணை நின்றிருக்கிறார். தன் மக்களின் குரலைப் பதிவுசெய்யும் இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதும் அரசியல்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிளாக் ஸ்வான் ப்ளூஸை மட்டும் வெளியிடவில்லை. ஓபராவையும் பக்திப் பாடல்களையும் வெளியிட்டது. எதிலும் எங்களால் முடியும் என்று காட்டுவது அதன் நோக்கம். எத்தல் வாட்டர்ஸின் தட்டு நன்றாக விற்றது. 1922-ல் தட்டு அச்சிடும் ஆலை ஒன்றைக் கூட்டாக வாங்கும் அளவுக்கு நிறுவனம் வளர்ந்தது. ஆனால் இதே நிறுவனம்தான், குரல் நயமாக இல்லை என்று பெஸ்ஸி ஸ்மித்தைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். மேல்தட்டு ரசனைக்கு ஈடுகொடுக்கப் போராடும்போது, அந்த ரசனையின் அளவுகோலை நாமே கையில் எடுத்து நம் மக்களை அளக்கத் தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. பறை வேண்டாம், பேண்ட் செட் வையுங்கள் என்று நம் வீட்டு விசேஷங்களிலேயே சொல்லக் கேட்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதான். வானொலியும் பெரிய நிறுவனங்களின் போட்டியும் நெருக்க, பிளாக் ஸ்வான் 1923 முடிவில் திவாலானது. மறு ஆண்டு அதன் தட்டுகள் பாரமவுண்ட் கைக்குப் போயின.

இரண்டு பாடகிகள், இரண்டு ஒலிகள்

சினிமா எடுக்கும் பாரமவுண்ட் வேறு. இது விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டி செய்யும் வேலையிலிருந்து தட்டு அச்சிடும் வேலைக்கு வந்தவர்கள். குறைந்த செலவில் தட்டு போட்டு விற்பதுதான் அவர்களுடைய வழி. மலிவான கலவையில் தட்டு அச்சிட்டதால், புதுத் தட்டிலேயே இரைச்சல் இருந்தது.

'ப்ளூஸின் தாய்' என்று அழைக்கப்பட்ட மா ரெய்னி 1923 முதல் 1928 வரை பாரமவுண்டில் ஏறக்குறைய நூறு பாடல்களைப் பதிவுசெய்தார். 2020-ல் வந்த 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' படத்தைப் பார்த்த தோழர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அதே 1923-ல் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியாவில் பதிவுசெய்யத் தொடங்கினார். அதுவரை மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வே மெழுகுத் தட்டில் கோடாகப் பதியும். 1925-ல் மைக் வைத்துப் பதிவுசெய்யும் மின்முறை வந்தது. கொலம்பியா உடனே மாறியது. பாரமவுண்ட் மெதுவாகத்தான் மாறியது. மாறிய பிறகும் அதன் ஒலி கொலம்பியாவின் தரத்தை எட்டவில்லை.

விளைவை இன்றும் கேட்கலாம். பெஸ்ஸியின் குரல் அறைக்குள் வந்து நிற்கிறது. ரெய்னியின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல இருக்கிறது. தென்மாநிலங்களில் கூடாரம் போட்டுப் பாடி ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்டவர் ரெய்னி. தட்டில் மட்டும் கேட்கிற ஒருவர், பெஸ்ஸிதான் பெரிய பாடகி என்று சட்டென்று முடிவு கட்டிவிடலாம். அந்த முடிவில் எத்தனை பங்கு குரலுக்கு, எத்தனை பங்கு கம்பெனியின் செலவுக் கணக்குக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சதி இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. இவர்களுக்கு இது போதும் என்ற கணக்கு இருந்தது. ஒடுக்குமுறைக்கு எப்போதும் வெறுப்பு தேவைப்படுவதில்லை. 'இது போதும்' என்ற ஒரு சொல்லே பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. நல்ல ஒலி கிடைத்த பெஸ்ஸிக்கும் பணத்தில் நியாயம் கிடைக்கவில்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, அதோடு சரி. தட்டு லட்சக்கணக்கில் விற்றும் ராயல்டி கிடையாது.

அரக்கும் ஆதிவாசிகளும்

அந்தத் தட்டுகள் எதனால் செய்யப்பட்டவை என்பதையும் பார்ப்போம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளில் கல் பொடியும் கரியும் கலந்திருக்கும். அவற்றைப் பிணைத்து வைப்பது அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரக் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போனது. அதிலும் இன்றைய ஜார்க்கண்டை உள்ளடக்கிய சோட்டா நாக்பூர் காடுகளில் ஆதிவாசி மக்கள் சேகரித்துக் கொடுத்தது அதிகம். மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து வந்த குரல், சோட்டா நாக்பூர் காட்டிலிருந்து போன அரக்கில் பதிந்தது. இரண்டு பக்க மக்களின் பெயரும் லாபக் கணக்கில் இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு வரத்து குறையவே, 1942-ல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகளைத் திரட்டி உடைத்துப் புதிய தட்டு செய்தார்கள். பாரமவுண்ட் அதற்கு முன்பே, 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் மூடப்பட்டிருந்தது. தட்டு அச்சிடும் உலோக அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அதனால் சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் போன்றவர்களின் பாட்டை இன்று நாம் கேட்பது, யாரோ ஒருவர் வீட்டில் தேய்ந்து மிஞ்சிய தட்டிலிருந்துதான். வில்லி பிரவுன் பதிவுசெய்த ஒரு தட்டின் ஒரே ஒரு பிரதிகூட இன்றுவரை கிடைக்கவில்லை.

மிஞ்சியவற்றைத் தேடிக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் 1940-களிலிருந்து சேகரிக்கத் தொடங்கிய வெள்ளையர்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல குரல்கள் அழிந்திருக்கும். இதை நாம் மறுக்கக் கூடாது. ஆனால் அவர்களுடைய ரசனை வரலாற்றையும் வளைத்தது. அரிதாகக் கிடைத்த தட்டே உண்மையான ப்ளூஸ் என்று ஆனது. கறுப்பின மக்கள் தங்கள் காசைக் கொடுத்து விரும்பி வாங்கிய பாடகிகள் பின்னுக்குப் போனார்கள். அதிகம் விற்காத, தனியாகக் கித்தார் வாசித்த ஆண்கள் முன்னுக்கு வந்தார்கள். கம்பெனி செலவு செய்யாததால் வந்த கரகரப்பே மண்வாசனை என்று பெயர் பெற்றது. டாமி ஜான்சனின் ஒரு பாரமவுண்ட் தட்டு 2013-ல் 37,100 டாலருக்கு ஏலம் போனது. முதலில் அப்படிப்பட்ட தட்டின் விலை 75 சென்ட். டாமி ஜான்சன் 1956-லேயே இறந்துவிட்டார்.

நாம் செய்ய வேண்டியது

ரசனையும் வர்க்கம் சார்ந்தது என்று சமூகவியலாளர் பூர்தியூ 1979-ல் விரிவாக எழுதினார். இந்த வரலாறு அதற்கு ஒரு படி முன்னால் போகிறது. ரசிப்பதற்கு நம் முன்னால் வைக்கப்படும் பொருளே ஏற்கெனவே பாரபட்சத்தோடுதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய பதிவு ஒன்றைக் கேட்டு, குரல் சரியில்லை, தாளம் தெளிவில்லை என்று சொல்வதற்கு முன், எந்தக் கருவியில், யாருடைய செலவில், என்ன கூலிக்கு இது பதிவானது என்று கேளுங்கள். கரகரப்பு பாடியவரின் குறையல்ல.

அடுத்தது, நம் கையில் இருக்கும் வேலை. ஒப்பாரி, பறையாட்டம், நாற்று நடவுப் பாட்டு, கானா என்று மாணவர்கள் ஊர் ஊராகப் பதிவுசெய்கிறார்கள். நல்லது. ஆனால் பறைக்கு ஓரடி தூரத்தில் செல்பேசியை நீட்டினால் ஒலி உடைந்துதான் பதியும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. தள்ளி நில்லுங்கள். முதலில் ஒரு முறை அடிக்கச் சொல்லி அளவு பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பாரி பாடும் பாட்டிக்கு அருகில் மைக் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். சுருக்காத கோப்பாக, வேவ் வடிவத்தில் சேமியுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். அவர் சம்மதத்தைக் கேளுங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அதிலிருந்து பணம் வந்தால் பங்கு அவருக்கும் போக வேண்டும்.

நாட்டுப்புறப் பாட்டுத்தானே, கொஞ்சம் இரைச்சல் இருந்தால்தான் இயல்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கச்சேரிக்கு ஒரு மைக், சேரிக்கு ஒரு மைக் என்று தரம் பிரிக்கும் பேச்சு அது. நம் ஆத்தாவும் அப்பத்தாவும் பாடியது நூறு ஆண்டு கழித்தும் தெளிவாகக் கேட்க வேண்டும். அது நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

ஜெய்பீம்.